எஸ்கான்ஸ் கொண்டு சி நிரலைத் தொகுத்து நிறுவும் முறை

மேக் என்னும் தொகுப்புக் கருவிக்கான மேக்ஃபைல் எழுதியவர்களுக்கு, டேப் விசைக்குப் பதிலாக இடைவெளி விட்டதாலேயே தொகுப்பு நின்றுபோன அனுபவம் இருக்கும். எஸ்கான்ஸ் என்னும் தொகுப்புக் கருவியில் கட்டமைப்புக் கோப்பே ஒரு பைத்தான் நிரல் என்பதால், நிபந்தனைகளையும் மடக்குகளையும் பழகிய மொழியிலேயே எழுதலாம். கோடோ என்னும் விளையாட்டு இயந்திரம் இதைக் கொண்டுதான் தொகுக்கப்படுகிறது.

டெபியன், உபுண்டு கணினிகளில் ஆப்ட் என்னும் நிறுவல் கருவி வழியாகவும், மற்றவற்றில் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாகவும் இதை நிறுவலாம். சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி போன்ற கம்பைலர் தனியே இருக்க வேண்டும்.

மூலநிரல் உள்ள கோப்புறையில் எஸ்கன்ஸ்ட்ரக்ட் (SConstruct) என்ற பெயரில், பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பை உருவாக்குங்கள். அதில் முதலில் என்விரான்மென்ட் பொருள் ஒன்றை அமைத்து, அதன் புரோகிராம் செயற்கூறுக்கு நிரலின் பெயரையும் சி கோப்புகளின் பட்டியலையும் கொடுத்தால் போதும். தலைப்புக் கோப்புகளின் சார்புகளைக் கருவியே தேடிக்கொள்ளும். பிறகு முனையத்தில் எஸ்கான்ஸ் (scons) என்று தட்டினால் தொகுப்பு தொடங்கும்.

ஒரு கோப்பு மாறியதா என்பதை இது நேரமுத்திரையைக் கொண்டு முடிவு செய்வதில்லை, உள்ளடக்கத்தைக் கொண்டே முடிவு செய்கிறது. குறிப்புரையை மட்டும் திருத்தினால் அந்தக் கோப்பு மறுபடி தொகுக்கப்படும். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு (இணைப்புக்கு முந்தைய இடைநிலைக் கோப்பு) முன்போலவே இருந்தால் இணைப்பு வேலை நடக்காது. பெரிய திட்டங்களில் இது மிச்சப்படுத்தும் நேரம் மிகவும் மதிப்புள்ளது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் உங்கள் முனையத்தின் பாத் மாறியை எஸ்கான்ஸ் தானாக எடுத்துக்கொள்ளாது. எனவே வீட்டுக் கோப்புறையில் வைத்திருக்கும் கம்பைலர் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அந்த மாறியை என்விரான்மென்ட் பொருளுக்கு வெளிப்படையாகக் கொடுங்கள். எந்தக் கணினியிலும் ஒரே விளைவு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

நிறுவுவதற்கு, புரோகிராம் திருப்பித்தரும் மதிப்பை இன்ஸ்டால் செயற்கூறிடம் சேருமிடத்தோடு கொடுத்து, அதற்கு இன்ஸ்டால் என்று ஒரு மாற்றுப்பெயர் சூட்டுங்கள். பொதுவான சேருமிடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். அது திட்டக் கோப்புறைக்கு வெளியே இருப்பதால், இன்ஸ்டால் என்று பெயர் சொல்லி அழைத்தால் மட்டுமே நிறுவல் நடக்கும். முதலில் சாதாரணப் பயனராகத் தொகுத்து முடித்த பின்பே, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைக் கொண்டு நிறுவுங்கள். தொடக்கத்திலிருந்தே சூடோ கொண்டு தொகுத்தால், ஆப்ஜெக்ட் கோப்புகள் ரூட் பயனரின் உடைமையாகி, அடுத்த தொகுப்பில் அனுமதிப் பிழை வரலாம்.

நிறுவியதை நீக்க, அதே இன்ஸ்டால் கட்டளையோடு சிறிய சி (-c) என்னும் தெரிவைச் சேர்க்க வேண்டும். எதை நீக்குவது என்பதை எஸ்கன்ஸ்ட்ரக்ட் கோப்பைப் படித்தே கருவி அறிகிறது. ஆகவே நிரலை நீக்கும் வரை அந்தக் கோப்புறையைப் பத்திரமாக வைத்திருங்கள்.