பழைய லேத்: வாங்கும்போதும் நிறுவும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) பார்க்கப் போனால் கண்ணில் முதலில் படுவது பெயிண்ட்தான். முதல் தவறும் அங்கேயே ஆரம்பிக்கிறது. விற்பதற்கு முன் புது பெயிண்ட் அடிப்பது ஒரு நாள் வேலை. பெட் (அடியிலுள்ள நீளமான வார்ப்பு) தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் (கம்பியைச் சுற்றவைக்கும் தண்டு) ஆடுகிறதா, கியரில் பல் போயிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் அது பதில் சொல்லாது.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று மனதில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு போங்கள். பெல்ட், மோட்டார், சுவிட்ச், டூல் போஸ்ட், கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்காக நகர்த்தும் பகுதி) நட், தேய்ந்த சக் (கம்பியைப் பிடிக்கும் பகுதி) எல்லாம் மாற்றக்கூடியவை. இவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். இவற்றுக்காக நல்ல லேத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பெட் தேய்மானம் அப்படியல்ல. பெட்டை மறுபடி கிரைண்டிங் செய்து, இறங்கிப்போன சேடிலை (பெட்டின் மேல் டூலைச் சுமந்து ஓடும் பகுதி) உயர்த்தி, சுரண்டிப் பொருத்துவது பெரிய வேலை. சிறிய லேத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

பெட்டைப் பார்க்காமல் விலை பேசுவது

லேத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி சக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் பெட் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக் பக்கம் பள்ளமாகும், டெயில்ஸ்டாக் (கம்பியின் மறுமுனைக்கு முட்டு கொடுக்கும் பகுதி) பக்கம் புதிதாகவே இருக்கும். முழுக்க ஒரே அளவு தேய்ந்தால்கூட வேலையில் அவ்வளவு தெரியாது. இந்த ஏற்ற இறக்கம்தான் நேரான கம்பியைக் கடைந்து தரவிடாமல் செய்கிறது.

கருவி ஏதும் இல்லாமலே இதைப் பார்க்கலாம். சேடிலைச் சக்குக்கு அருகில் கொண்டுவந்து, அதன் லாக் போல்ட்டை லேசாக இறுக்குங்கள். கைச்சக்கரம் சற்றுக் கனமாகச் சுற்றினால் போதும். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிக்கொண்டே போங்கள். கடைசி வரை அதே கனம் இருந்தால் நல்ல பெட். பாதி தூரத்திலேயே இறுகி நின்றுவிட்டால், இறுக்கிய இடத்தில் பெட் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பழைய லேத்திலும் கொஞ்சம் இறுக்கம் கூடத்தான் செய்யும். சுற்றவே முடியாத அளவு இறுகினால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து, முன்பக்க வி-வழியின் (சேடில் ஓடும் V வடிவத் தண்டவாளம்) ஓரத்தில் விரல் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். சேடில் உரசும் இடத்துக்கும் உரசாத இடத்துக்கும் நடுவே படிக்கட்டு போல ஒரு விளிம்பு நகத்தில் தட்டும். தட்டுவதே தெரியவில்லையென்றால் மகிழ்ச்சி. நகம் நின்று மாட்டிக்கொண்டால் தேய்மானம் அதிகம். சுரண்டிப் பொருத்திய பெட்டாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கம் பிறை பிறையாகச் சுரண்டல் தடம் இன்னும் மின்னும். அந்தத் தடம் சக் பக்கம் எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதே மெஷினின் வயதைச் சொல்லிவிடும்.

ஸ்பிண்டிலும் கியரும்

சக்கில் கம்பியைப் பிடித்துச் சுற்றவிட்டு, டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) 0.08 மி.மீ. ஆடுகிறது என்று லேத்தையே ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அது சக்கின் குறை. பழைய மூன்று ஜா (பற்றும் தாடை) சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் சகஜம். ஒரே பிடிப்பில் கடைந்து முடிக்கும் வேலைக்கு அது பாதிப்பே இல்லை. ஸ்பிண்டிலைப் பார்க்க வேண்டுமானால் சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் (கூம்புத் துளையில்) இண்டிகேட்டர் முனையை வைத்துக் கையால் சுற்றுங்கள். அங்கே 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பிறகு பேரிங். இண்டிகேட்டரை ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, மறுபடி மாட்டிய சக்கில் ஒரு நீளமான கட்டையைப் பிடித்து மேலே நெம்புங்கள். ரோலர் பேரிங் என்றால் முள் அசையவே கூடாது என்று சொல்லலாம். புஷ் பேரிங் என்றால் எண்ணெய்க்கு இடம் வேண்டும், 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் கவலையில்லை. கடைசியாக அதிக வேகத்தில் 15 நிமிடம் ஓடவிட்டு, பேரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. லேத்தை ஓட்டிக் காட்ட முடியாது, கரன்ட் இல்லை என்று விற்பவர் சொன்னால் இன்னொரு நாள் போங்கள்.

கியர்களில் முதலில் பார்க்க வேண்டியது பேக் கியர் (ஸ்பிண்டிலை மெதுவாகச் சுற்றவைக்கும் கியர்). திரெட் போட்ட ஸ்பிண்டிலில் சக் இறுகிக்கொண்டால், பேக் கியரைப் பூட்டிவிட்டுச் சக்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த அடி முழுவதும் ஓரிரண்டு பல்லின் மேல்தான் விழும். அதனால்தான் மற்ற கியரெல்லாம் நன்றாக இருக்கும் லேத்திலும் பேக் கியரில் மட்டும் பல் உடைந்திருக்கும். மூடியைத் திறந்து ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி, ஒவ்வொரு பல்லையும் கண்ணால் பாருங்கள். ஓடும்போது ஒரே இடைவெளியில் 'டக்... டக்' என்று கேட்டாலும் இதே சந்தேகம்தான்.

சேஞ்ச் கியர்களை (திரெட் அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்கள்) எண்ணாமல் வாங்குவது இன்னொரு பிழை. திரெட் சார்ட்டில் எழுதியிருக்கும் பல் எண்ணிக்கைகளைக் கையிலிருக்கும் கியர்களோடு ஒப்பிடுங்கள். லீட் ஸ்க்ரூ (திரெட் வெட்டும்போது சேடிலை இழுக்கும் நீளமான திருகு) இன்ச் அளவாக இருந்து உங்களுக்கு மெட்ரிக் திரெட் வெட்ட வேண்டுமானால் 127 பல் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு இன்ச் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் 127 வருகிறது. துல்லியமான மாற்றத்துக்கு அந்த எண் இல்லாமல் முடியாது. வழக்கமான திரெட்டுகளுக்கு 63 பல் கியரை வைத்துக் கிட்டத்தட்டச் சரியாக வெட்டலாம்.

நான்கு ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி ரெஸ்ட் (நீளமான கம்பியை நடுவில் தாங்கும் பகுதி), மூன்று ஜா சக்கின் இரண்டாவது ஜா செட் இவையெல்லாம் லேத்தோடு சேர்ந்து வரும்போதே வாங்கிவிடுங்கள். குறிப்பாக ஸ்டெடி ரெஸ்ட் அந்தந்த பெட்டுக்கென்று செய்தது. பின்னால் தேடினால் கிடைப்பது அரிது. அளவைக் கேட்கும்போது சென்டர் உயரமா (பெட்டிலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை), ஸ்விங்கா (சுற்றக்கூடிய பெரிய விட்டம்) என்று தெளிவாகக் கேளுங்கள். ஸ்விங் என்பது சென்டர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 150 என்று ஒருவர் சொன்னது எதுவென்று தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய.

தூக்கும்போது

லேத்தின் எடை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலும் கியரும் இருக்கும் பெட்டி) பக்கமும் மேல்பக்கமும் இருக்கிறது. சற்றுச் சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும், கவிழ்கிற லேத்தைக் கையால் பிடிக்க நினைக்கவே கூடாது. டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் கடைசி முனைக்குத் தள்ளி லாக் செய்தால் எடை ஓரளவு நடுவுக்கு வரும். கயிறு அல்லது பெல்ட்டை பெட்டுக்கு அடியில் கொடுத்து, லீட் ஸ்க்ரூவில் படாதபடி மரக்கட்டை வையுங்கள். லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு, ஸ்பிண்டில் மூன்றிலும் கயிறு போடக்கூடாது. லீட் ஸ்க்ரூ ஒருமுறை வளைந்தால் பிறகு வெட்டும் திரெட் சரியாக வராது.

சுத்தம், எண்ணெய், மின்சாரம்

கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். துருவல்கள் சேடிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பெட்டை அரைக்கும். பிரஷ், மண்ணெண்ணெய், துணி போதும். துருவை எமரி தாளால் தேய்க்காமல், எண்ணெய் விட்டு ரேஸர் பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டி எடுங்கள். எண்ணெய் விடும் குமிழ்கள் பார்க்க கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கும். கிரீஸை அழுத்தினால் எண்ணெய்த் துளை அடைத்துக்கொள்ளும். பெட்டுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில், ஹெட்ஸ்டாக்குக்குத் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணெய்.

மோட்டார் மூன்று ஃபேஸ், வீட்டில் ஒற்றை ஃபேஸ் என்றால் வி.எஃப்.டி. (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி மோட்டார் வேகத்தையும் மாற்றும் கருவி) வைக்கலாம். மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால் உள் இணைப்பை டெல்டாவுக்கு மாற்றினால் ஓடும். ஒன்றே ஒன்றில் கவனம்: வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே லேத்தின் பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் வி.எஃப்.டி. கெட்டுப்போகலாம். சுவிட்சைக் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்றி இணைக்க வேண்டும். திரெட் போட்ட ஸ்பிண்டிலானால் நிறுத்தும் நேரத்தையும் நீளமாக வையுங்கள். சட்டென்று நின்றால் சக் தானாகக் கழன்று வரும்.

'லெவல்' என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வது

லேத்தை நிறுவும் வேலையில் பெரிய குழப்பம் இங்கேதான். லேத் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்பது முக்கியமே இல்லை. அசைந்தாடும் கப்பலில்கூட லேத்கள் சரியாகக் கடைகின்றன. பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு கனமான வார்ப்பாக இருந்தாலும், நான்கு காலில் ஒன்று தரையில் சரியாக உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் பெட் முறுக்கத்தான் செய்யும். அந்த முறுக்கு நேராக வேலையில் வந்து நிற்கும்.

கொத்தனார் வைத்திருக்கும் ரச மட்டம் இதற்கு உதவாது. மீட்டருக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை காட்டும் மெஷின் லெவல் வேண்டும். இரவல் வாங்கினாலும் போதும். அதை பெட்டுக்குக் குறுக்காக ஹெட்ஸ்டாக் அருகே வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லெவலைத் திருப்பாமல் அப்படியே டெயில்ஸ்டாக் முனைக்கு எடுத்துப் போய் வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நின்றால் முறுக்கு இல்லை. வித்தியாசம் இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். தேய்ந்த வழியின் மேல் லெவலை வைத்தால் அளவு ஏமாற்றும். டெயில்ஸ்டாக் ஓடும் வழி பொதுவாகக் குறைவாகத் தேய்ந்திருக்கும்.

லெவல் சொன்னதை லேத்தே உறுதிசெய்ய வேண்டும். 30 மி.மீ. விட்டமுள்ள கம்பியை 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் முட்டு கொடுக்காமல் சக்கில் பிடியுங்கள். இரு முனையிலும் 15 மி.மீ. அகலத்துக்கு வளையம் விட்டு, நடுப்பகுதியை 1 மி.மீ. ஆழம் குறைத்துவிடுங்கள். கூர்மையான ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் 0.1 மி.மீ.க்கும் குறைவான வெட்டில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள். வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வந்தால் போதும். வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்தின் முன்காலை ஒரு பொடி உயர்த்துங்கள். டூல் பின்னோக்கிச் சாய்ந்து மையத்தை நெருங்கும். சிறிதாக இருந்தால் பின்காலை உயர்த்துங்கள். மறுபடி கடைந்து பாருங்கள். மூன்று நான்கு தடவையில் பிடிபட்டுவிடும்.

இங்கே அவசரப்படுகிறவர்கள் வெட்டு ஆழத்தைக் கூட்டிவிடுவார்கள். கம்பி வளைந்துகொடுத்து வெளிமுனை பெரிதாகத்தான் வரும், குற்றம் பெட்டின் மேல் போகும். டெயில்ஸ்டாக் சென்டரைத் திருத்துவதற்கும் இப்போது அவசரமில்லை. முறுக்கு எடுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். முறுக்கு இருக்கும்போது டெயில்ஸ்டாக்கை நகர்த்தினால் ஒரு தவறின் மேல் இன்னொரு தவறு ஏறி, எது எதனால் என்றே தெரியாமல் போகும்.

முதல் சுருள்

டூல் முனை சரியான உயரத்தில் இல்லாமல் கடைவதுதான் புதியவர்கள் லேத்தைக் குறைசொல்ல முதல் காரணம். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாக நெருக்குங்கள். ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. உடைந்த ஹேக்ஸா பிளேடு துண்டு, சுமார் 0.6 மி.மீ. தடிமன், நல்ல ஷிம்.

வேகத்தையும் கணக்குப் போட்டு வையுங்கள். ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 25 மி.மீ. கம்பிக்குச் சுமார் 320 சுற்று வரும். பாதி விட்டத்துக்கு இரு மடங்கு சுற்று.

சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு; கை சாவியை விடுவது அதை வைக்கும் இடத்தில்தான் என்று முதல் நாளிலேயே பழகுங்கள். கையுறை வேண்டாம், தொங்கும் சட்டைக்கை வேண்டாம், சுருளைக் கையால் இழுக்க வேண்டாம். ஸ்பிண்டிலின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நீட்டவிட்டால் வேகத்தில் அது சாட்டை போல வளைந்து அடிக்கும். வெட்டிக் குறைத்துவிட்டுப் பிடியுங்கள்.

ஒரு மாதம் ஓடிய பிறகு போல்ட்டுகளைச் சரிபார்த்து, அந்த இரண்டு வளையங்களையும் மறுபடி கடைந்து அளந்துவிடுங்கள். தரையும் ஷிம்மும் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.