வீட்டு மண்புழு உரத்தின் நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் ஆராயும் முறை

குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால், வாழைமட்டையும் சாணமும் இட்ட மண்புழுத் தொட்டியில் ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைவது எளிது. மேலே பொலபொலவென்று கறுத்திருக்கும் உரத்தின் உள்நிலையை அறிய, 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும்.

தொட்டியின் பல இடங்களில் விரலாழத்தில் உரமெடுத்துக் கலந்து, அன்றே ஆராயுங்கள். ஒரு பங்கு உரத்திற்கு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத நீர் சேர்த்து, அரை நிமிடம் மென்மையாகக் குலுக்குங்கள். வேகமாக ஆட்டினால் பூஞ்சை இழைகள் அறுந்துவிடும். கிணற்று நீரிலும் உயிரிகள் உண்டு. ஆகவே அந்த நீரின் ஒரு சொட்டைத் தனியே பார்த்துவிடுவது அவசியம்.

மண் சற்றுப் படிந்ததும் நடுவிலிருந்து ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள். நிறமற்ற உயிரிகள் மிகுந்த வெளிச்சத்தில் தெரியமாட்டா. எனவே நுண்ணோக்கியில் ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழுள்ள ஒளித்துளையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முதலில் 40 மடங்கில் தேடி, பிறகு 400 மடங்கிற்குச் செல்லுங்கள்.

நுண்புள்ளிகளாகத் தெரிபவற்றில் பல பாக்டீரியாக்கள். உயிரற்ற துகளும் நீரில் நடுங்கும் என்பதால், ஒரு திசை பிடித்து நீந்துவதை மட்டுமே உயிரோட்டத்திற்குச் சான்றாகக் கொள்ளுங்கள். பூஞ்சை இழை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனில் ஓடும். பலவற்றில் குறுக்குச் சுவர்களும் தெரியும். தென்னைநார்த் துணுக்கோ முனை பிசிறி, பருமன் மாறி இருக்கும். மண்புழு உரத்தில் பாக்டீரியாவே மிகுதி என்பதால், பூஞ்சை குறைவாக இருப்பதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை.

நான் முதலில் தேடச் சொல்வது குற்றிழை உயிரிகளையே. உடலெங்கும் நுண்மயிர் துடிக்க, பார்வைப் புலத்தை விரைந்து கடக்கும் இவை சொட்டுக்குச் சொட்டு மிகுந்திருந்தால், காற்று குறைந்திருக்கக்கூடும். புளித்த வாடையும் சேர்ந்தால் ஐயமில்லை: நீரை நிறுத்தி, காய்ந்த சருகைக் கலந்து கிளறிவிடுங்கள். சாட்டை போன்ற நீள இழையால் துள்ளித் துள்ளி நகரும் கசையிழை உயிரிகளும் அமீபாக்களும் நல்ல அறிகுறிகள்.

நூற்புழுக்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தின்பவை. வாயில் ஊசி போன்ற உறுப்பு தெரிந்தால், அது வேரைத் துளைப்பதாகவோ பூஞ்சையை உண்பதாகவோ இருக்கலாம். ஒன்றைக் கண்டதற்காக உரத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஆயினும் நூற்புழு தாக்கிய ஏத்தன், மட்டி வாழைகளின் கிழங்கையும் வேரையும் தொட்டியில் இடக்கூடாது.

நோய்க்கிருமி உண்டா இல்லையா என்பதை இம்முறையால் சொல்ல இயலாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும்.