நிக்காஹ் அழைப்பிதழில் அரபு எழுத்து சிதறாமலிருக்க

மதுரை காஜிமார் தெருப் பகுதியினருக்கு நிக்காஹ் அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள், தமிழுக்கு மேலே அரபு வரியை ஒட்டியதும் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் எழுத்துருவில் குறை இருப்பதில்லை. அரபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடைசியிலும் வெவ்வேறு உருவம் எடுப்பதால், இடமறிந்து அவற்றை இணைக்கும் வேலையை மென்பொருள்தான் செய்தாக வேண்டும். அடோபி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து, 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்துகொள்ளும். யூனிகோடு தமிழில் கொம்பு இடம் மாறி விழும் தொல்லைக்கும் இதுவே மருந்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. பணம் கட்ட விரும்பாதவர்களுக்கு இலவச மென்பொருள்களான இன்க்ஸ்கேப்போ ஸ்கிரைபஸின் 1.6 பதிப்போ உண்டு. எழுத்துருவுக்கு இலவசமான அமீரியே போதும்.

வரியை அகலமாக்க எழுத்திடைவெளியைக் கூட்டுவது இணைப்புகளை அறுத்துவிடும் என்பதால், அதைச் சுழியத்திலேயே வைத்து, தேவையான இடத்தில் கஷீதா எனப்படும் நீட்டுக்கோட்டைச் சேர்ப்பதே முறை. அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்த பிறகே எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது தட்டச்சால் திருத்த முடியாத வெறும் வடிவங்களாக, மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு புள்ளியைத் திருத்துவதும் பெரும்பாடு.