பெண் விஞ்ஞானிகளுக்கான சொற்பொழிவுத் தொடர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி நெருங்கினாலே பக்கத்துக் கல்லூரிகளின் அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். அறிவியல் தொழில்நுட்பத்தில் சாதித்த பெண்களைக் கொண்டாடும் சொற்பொழிவுத் தொடர், முதல் உரை, அனைவரும் வருக. இதே மாதிரித் தொடர் ஒன்றை எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைக்கும் குழுவில் நானும் இருப்பதால், கூப்பிட்டால் போய்விடுவேன். நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் புதியவர்களும் வரிசையாக விழுகிறார்கள். மைக்கைச் சோதியுங்கள், பேனரில் பெயரைச் சரிபாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

மார்ச் 8-ஐயே பிடித்துத் தொங்குவது

பிப்ரவரி 11 அறிவியலில் பெண்கள், சிறுமியருக்கான சர்வதேச நாள், ஐ.நா. 2015-இல் அறிவித்தது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். மார்ச் 8 மகளிர் நாள். இந்த நாலு வாரத்துக்குள் ஊரிலுள்ள எல்லாக் கல்லூரிகளும் அதே சில பேரைத்தான் தேடுகின்றன. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை கேட்டுப் பாருங்கள், நிதானமாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு கூட்டம் போட்டுவிட்டு அதைத் 'தொடர்' என்று அச்சடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மாணவிகளை மட்டும் கூட்டி உட்கார வைப்பது

கூடாது. பையன்களும் வரட்டும்.

விஞ்ஞானியைக் கூப்பிட்டுவிட்டு விஞ்ஞானத்தைப் பேசவிடாதது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

அழைப்புக் கடிதத்திலேயே இது தொடங்கிவிடும். அவர் இருபது வருடமாக மின்கல வேதியியலில் ஆராய்ச்சி செய்பவராக இருப்பார். நாம் கொடுக்கும் தலைப்போ 'தடைகளைத் தாண்டி' அல்லது 'சிகரம் தொட்ட பெண்மை'. அதே துறையிலிருந்து ஓர் ஆண் விஞ்ஞானி வந்தால் தலைப்பை அவரையே கேட்கிறோம். பெண் என்றால் மட்டும் தலைப்பு, கண்ணீர், தன்னம்பிக்கை எல்லாம் நம் தரப்பிலிருந்தே தயாராகிவிடுகிறது.

ஒரு கல்லூரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பத்தரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. நடுவில் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புக்காக எல்லோரையும் நிற்க வைத்து, இடம் பதிவாகும் ஒரு ஜியோடேக் போட்டோ. விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பேசிக்கொண்டிருந்தபோதே தொகுப்பாளர் குறுக்கே வந்து, "மேடம், வீட்டையும் ஆராய்ச்சியையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" என்று கேட்டார். மிச்ச நேரம் முழுக்க மாமியார், சமையல், குழந்தையின் பள்ளி என்று போயிற்று. லேப்டாப்பில் இருந்த ஸ்லைடுகளைத் திறக்கவே இல்லை.

அவர் கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தார். உள்ளே கைக்கடிகாரத்தில் போடுகிற அளவிலான ஒரு லித்தியம் அயனி மின்கலம், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஆய்வகத்தில் பிரித்துக் கொண்டுவந்தது. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பாகப் பூசிய நேர்முனை, செப்புத் தகட்டின் மேல் கிராஃபைட் எதிர்முனை, நடுவில் காகிதம் போன்ற ஒரு பிரிப்பான். கூட்டம் முடிந்து கார் ஏறப் போனவரிடம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓடிவந்து, "மேடம், போன் பேட்டரி ஏன் உப்புது?" என்று கேட்டாள். அவர் பெட்டியை எடுத்து கார் பானட்டின் மேல் பரப்பி, உள்ளே வாயு உண்டாவதை விளக்க ஆரம்பித்தார். பத்து நிமிடம். அன்றைக்கு நடந்த ஒரே அறிவியல் சொற்பொழிவு அதுதான், கேட்டவர்கள் அந்தப் பெண்ணும் டிரைவரும் நானும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அரங்கில் இருந்த முன்னூறு பேருக்கு மின்வேதியியல் என்று ஒரு துறை இருப்பதே தெரியாமல் போனது. காரைக்குடியில் அதற்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் இருப்பதும், நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் உதவித்தொகையோடு அங்கே ஆராய்ச்சியில் சேரலாம் என்பதும் தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கலைச்செல்விதான் 2022-இல் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனார். அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ்வழியில் படித்தவர் என்பது நம் மேடைகளில் திரும்பத் திரும்ப வரும். அவருடைய துறை லித்தியம் அயனி மின்கலம் என்பது வருவதில்லை.

மறைந்தவர்களையும் நாம் விடுவதில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற அ. லலிதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானார் என்பதோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். துணைமின்நிலைய வடிவமைப்பு, பக்ரா நங்கல் அணைத் திட்டம் என்று அவர் செய்த வேலைக்கு மேடையில் ஒரு வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை.

சரி, தடைகளைப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம். தடை போட்டது யார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். சி.வி. ராமனிடம் வைரங்களின் நிறமாலையை ஆராய்ந்த அன்னா மாணிக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பிறகு வானிலைத் துறைக்குப் போய்ச் சூரியக் கதிர்வீச்சையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை இங்கேயே உருவாக்கினார். இதில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அந்த விதியும் அந்தக் கருவிகளும். அவருடைய பொறுமையைப் புகழ்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: தலைப்பு உங்கள் விருப்பம், உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி நாற்பது நிமிடம், கேள்விகளுக்கு இருபது நிமிடம். வாழ்க்கைக் கதை கேள்வி நேரத்தில் தானாக வரும். வராவிட்டால் அது அவர் இஷ்டம்.

இஸ்ரோவைத் தாண்டிப் பார்க்காதது

சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், தரமணி கணித அறிவியல் நிறுவனம், பள்ளிக்கரணையில் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் என்று எத்தனையோ இருக்கின்றன. இணையதளத்தில் பணியாளர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

அறிமுகத்தை இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவது

சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் வனிதா, பணி இயக்குநர் ரிது கரிதால். இருவரையும் மாற்றிச் சொன்ன மேடைகளுக்குக் கணக்கில்லை. எழுதியதை முதல் நாளே விருந்தினருக்கு அனுப்பித் திருத்தி வாங்குங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போகவே வேண்டாம்.

முதல் கேள்வி

மாணவர்களுக்கு. துறைத்தலைவர் காத்திருக்கட்டும்.

பயணப்படி

அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். "பில்லை அனுப்புங்க மேடம், பாஸ் ஆனதும் போட்டுடறோம்" என்று ஆறு மாதம் இழுத்தால் அடுத்த முறை அவரும் வரமாட்டார், அவருடைய தோழிகளும் வரமாட்டார்கள்.