நியூரோஎண்டோகிரைன் கட்டி: நோயாளியும் வீட்டாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணையத்தில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று இரவே வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து, கணையப் புற்றுநோய் வந்தால் எத்தனை மாதம் என்று தேடிவிடுவார். வருகிற பதிலைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குவார். அந்தப் பதில் பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வேறொரு நோயைப் பற்றியது. கணையத்தின் சாற்றுக்குழாய்களில் தோன்றும் அந்த நோய் வேகமாகப் பரவக்கூடியது. நியூரோஎண்டோகிரைன் கட்டி அப்படியல்ல. ஹார்மோன் சுரக்கும் செல்களில் அது தோன்றுகிறது. அந்தச் செல்கள் கணையம் தவிர இரைப்பை, சிறுகுடல், குடல்வால், மலக்குடல், நுரையீரல் என்று பல இடங்களில் இருப்பதால் கட்டியும் அங்கெல்லாம் வரலாம். வளரும் வேகம், மருந்து, கூட வாழும் காலம் எல்லாமே வேறு. ஆகவே பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையின் முடிவு கைக்கு வரும்வரை ஆயுள் கணக்கைத் தேடாதீர்கள். வந்த பிறகும் உறுப்பின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "மெதுவாத்தான் வளரும்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சரி, ஒரு மண்டலம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்று கிளம்பிவிடுகிறோம். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கணையத்தில் இதே வகைக் கட்டி தெரியவந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, சுமார் 9 மாதம் உணவுக் கட்டுப்பாடு, மாற்று மருத்துவம் என்று முயன்றார். 2004-ல் அறுவை, 2009-ல் கல்லீரல் மாற்று, 2011-ல் தன் 56-வது வயதில் மரணம். முன்பே அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மெதுவாக வளரும் கட்டி தரும் அவகாசம், இரண்டாவது மருத்துவரைப் பார்க்கவும் சரியான ஸ்கேன் எடுக்கவும்தான். சில வாரங்கள் அதற்காகப் போனால் பெரும்பாலும் பாதகமில்லை. கண்காணிப்பே இல்லாமல் மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து. கணையத்தில் 2 செ.மீ.க்கும் குறைவான, ஹார்மோன் தொல்லை தராத கட்டியை உடனே வெட்டாமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம் என்று மருத்துவரே சொல்வதும் உண்டு. அது ஒரு திட்டம். அதற்குத் தேதி இருக்கும்.

பயாப்ஸி தாளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நோயில் உங்கள் கையில் இருக்கும் மிக முக்கியமான காகிதம் பயாப்ஸி ரிப்போர்ட்தான். அதில் கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும். "2 சதவீதம்தான் கேன்சர்" என்று அதைப் புரிந்துகொண்டு நிம்மதியாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கேன்சரின் அளவு இல்லை. கட்டியில் உள்ள செல்களில் எத்தனை சதவீதம் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. குடல், கணையக் கட்டிகளில் 3-க்குக் கீழே இருந்தால் கிரேடு 1. 3 முதல் 20 வரை கிரேடு 2. அதற்கு மேல் கிரேடு 3.

கிரேடையும் ஸ்டேஜையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு பெரிய குழப்பம். கிரேடு வேகத்தைச் சொல்கிறது, ஸ்டேஜ் பரவலைச் சொல்கிறது. கல்லீரலுக்குப் பரவிய கிரேடு 1 கட்டி ஸ்டேஜ் 4-தான். ஆனாலும் அதோடு பல ஆண்டுகள் வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேஜ் 4 என்றதும் இனி எதுவும் இல்லை என்று கைவிட வேண்டாம். அதேபோல கிரேடு 3-க்குள்ளேயே இரண்டு இருக்கிறது. செல்கள் ஓரளவு இயல்பான உருவத்தில் இருந்தால் அது நியூரோஎண்டோகிரைன் கட்டி. உருவம் கெட்டுப்போயிருந்தால் அது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. பின்னது வேகமானது, பெரும்பாலும் உடனடியாகக் கீமோதெரபி தேவைப்படும். ரிப்போர்ட்டில் இந்த விவரம் தெளிவாக இல்லையென்றால் விடாமல் கேளுங்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இந்த நோயை அதிகம் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

குடல்வால் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. தையல் பிரித்ததோடு விஷயம் முடிந்தது என்று பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறோம். ஏறத்தாழ 300 குடல்வால்களில் ஒன்றில் இந்தக் கட்டி தற்செயலாகத் தெரியவரும். 1 செ.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் அந்த அறுவையே போதும். 2 செ.மீ.க்கு மேல் என்றால் பெருங்குடலின் வலப்பக்கத்தையும் நீக்க வேண்டுமா என்று யோசிப்பார்கள். தாளை வாங்காதவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

பரிசோதனைகளில் சறுக்கும் இடங்கள்

"பெட் ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்பவரிடம் நான் கேட்பது, எந்த பெட் ஸ்கேன் என்பதுதான். வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களைக் காட்டுகிறது. மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் செல்கள் அதில் தெரியாமல் தப்பிவிடலாம். அவற்றின் மேற்பரப்பில் சோமடோஸ்டேட்டின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு, அவற்றைத் தேடிப்போய் ஒட்டும் காலியம்-68 டோட்டாடேட் அல்லது டோட்டாநாக் ஸ்கேன்தான் இங்கே முதன்மையானது. கிரேடு கூடுதலாக இருந்தால் இரண்டையும் எடுக்கச் சொல்வார்கள். அது வீண் செலவில்லை.

நோயின் போக்கை அறியச் செய்யும் குரோமோகிரானின் ஏ என்ற ரத்தப் பரிசோதனை பலரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அல்சருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளாலேயே அந்த எண் பலமடங்கு ஏறும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஏறும். எண் கூடிவிட்டது, நோய் பரவிவிட்டது என்று முடிவுகட்டும் முன் எந்த மாத்திரையில் இருக்கிறோம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரைப்பை அமிலத்தைப் பெருக்கும் காஸ்ட்ரினோமா என்ற வகைக் கட்டி உள்ளவர்கள் அப்படி நிறுத்தினால் இரைப்பைப் புண் வெடித்து ரத்தம் கசியலாம்.

இந்தக் கட்டிகளில் சில அதிகமாகச் சுரக்கும் செரட்டோனின் என்ற ஹார்மோனின் அளவை அறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து 5-எச்ஐஏஏ சோதனை செய்வார்கள். நம் சமையலுக்கும் இந்தச் சோதனைக்கும் ஒத்துவராது. அதற்கு முன் 3 நாட்களும், சேகரிக்கும் நாளிலும் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இவை முடிவைப் பொய்யாக உயர்த்தும். தக்காளி இல்லாமல் ரசமா, சாம்பாரா என்று கேட்பீர்கள். மிளகு ரசம், மோர்க்குழம்பு, துவையல் என்று தக்காளி சேராமல் மூன்று நாளை ஓட்டிவிடலாம். இருமல் மருந்தும் பாராசிட்டமாலும்கூடச் சில சோதனை முறைகளில் குழப்பம் செய்யும், முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒன்றுவிடாமல் பிடிக்க வேண்டும்.

கட்டி சுரக்கும் ஹார்மோனால் முகம் சூடேறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவ நூல்களில் முகம் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம்மில் பலரின் நிறத்துக்கு அந்தச் சிவப்பு வெளியே தெரியாது. முகமும் கழுத்தும் திடீரென்று காந்துகிறது, வியர்வை இல்லை, கூடவே வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்றால் மாதவிடாய் நிற்கும் வயது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றல்ல

சிகிச்சையில் இருப்பவர்களை அன்றாடம் அதிகம் வதைப்பது இதுதான். பலரும் வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதும் இதைத்தான். ஒவ்வொரு முறை வயிறு போகும்போதும் கட்டி வளர்கிறது என்று பயப்படாதீர்கள். காரணம் பலவாக இருக்கலாம். கட்டி சுரக்கும் ஹார்மோனால் வருவது தண்ணீராகப் போகும், பட்டினி இருந்தாலும் இரவிலும் நிற்காது. கட்டியின் ஹார்மோன் சுரப்பைக் கட்டுப்படுத்தப் போடும் ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ஊசிகள் கணையத்தின் செரிமானச் சுரப்பைக் குறைப்பதால் வருவது வேறு. அதில் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன், நாற்றமாக மிதக்கும். அதற்குச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் கணைய நொதி மாத்திரை இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவையில் எடுத்தவர்களுக்குப் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கி வயிறு போகும். அதற்கு மருந்து வேறு, அவர்களுக்கு பி12 ஊசியும் தேவைப்படலாம். ஆகவே எத்தனை முறை என்பதோடு எப்படிப் போகிறது என்பதையும் எழுதிவைத்துச் சொல்லுங்கள். ஊசியையே நிறுத்திவிடலாம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

செரட்டோனின் அதிகம் சுரக்கும் கட்டி, உடலில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை இழுத்துக்கொள்வதால் நியாசின் என்ற வைட்டமின் பற்றாக்குறை வரும். வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரிவது, நாக்கு எரிவது, மறதி எல்லாம் அதன் அறிகுறிகள். இந்த நிலையில் உள்ளவரைச் சர்க்கரை கூடாது, பால் கூடாது, கறி கூடாது என்று அக்கம்பக்கத்தினர் பேச்சைக் கேட்டுப் பட்டினி போடுவது கொடுமை. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடட்டும். மது வேண்டாம். காரம் சிலருக்கு முகக் காந்தலைத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. அவரவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

ஊசி, பல் டாக்டர், இதயம்

4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ஊசிகளை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேருந்தில் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் பெட்டி அவசியம். போடுவதற்குச் சுமார் அரை மணி முன் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஆக்ட்ரியோடைட்டின் மாத ஊசியைக் கலந்தவுடன் தாமதிக்காமல் புட்டத்துத் தசையில் ஆழமாகப் போட வேண்டும், இல்லையென்றால் மருந்து அடியில் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும். பழகிய நர்ஸைத் தேடிப் போவதில் தவறே இல்லை. நாளடைவில் பித்தப்பைக் கல் வரலாம், ரத்தச் சர்க்கரையும் மாறலாம்.

ஹார்மோன் சுரக்கும் கட்டி இருப்பதைப் பல் மருத்துவரிடமும், எந்த அறுவைக்கு முன்பும் மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லாமல் விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மயக்கத்தின்போதும் சிலவகை மருந்துகளாலும் ஹார்மோன் ஒரேயடியாக வெளியேறி ரத்த அழுத்தம் தாறுமாறாகும். முன்னதாகவே ஆக்ட்ரியோடைட் கொடுத்து அவர்கள் தயாராக இருப்பார்கள். நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். கட்டி சுரக்கும் செரட்டோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளையும் தடிக்க வைக்கும். மூச்சு வாங்கவில்லையே, கால் வீங்கவில்லையே என்று எக்கோ பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

லுடீசியம் சிகிச்சை

கட்டியின் ஏற்பிகளில் போய் ஒட்டி அங்கேயே கதிர்வீச்சால் தாக்கும் லுடீசியம்-177 சிகிச்சையை அணுக்கதிர் என்று அஞ்சி மறுப்பவர்களும் உண்டு, எல்லாருக்கும் உடனே வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. காலியம் ஸ்கேனில் கட்டி நன்றாக ஒளிர்ந்தால்தான் இது வேலை செய்யும். வழக்கமாக 8 வார இடைவெளியில் 4 தவணை. இந்தியாவில் இதற்கான லுடீசியம் மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தயாராகிறது. வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் சிகிச்சை கிடைக்கிறது. வீட்டுக்கு வந்தபின் சில நாட்கள் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு முறை ஃபிளஷ் செய்ய வேண்டும். பேரனைத் தூக்காதே என்றால் தாத்தா பாட்டிக்கு மனசு கேட்காது. ஆனாலும் மருத்துவமனை சொல்லும் நாட்கணக்கைக் குறைக்காதீர்கள்.

பார்க்க நன்றாக இருக்கிறார் என்பதால் "நல்ல கேன்சர்தானே" என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வதையும் நிறுத்த வேண்டும். மாதாமாதம் ஊசி, ஸ்கேனுக்கு முந்தைய வாரத்துத் தூக்கமின்மை, கழிப்பறை எங்கே என்று தேடாமல் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாத நிலை எல்லாம் அவர்களுக்கு இருக்கிறது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டாலும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம் என்பதால், ஐந்து வருஷம் ஆச்சு என்று செக்கப்பை நிறுத்துவதும் கூடாது.

கடைசியாக, குடும்ப வரலாறு. கணையக் கட்டிகளில் சுமார் 10 சதவீதம் எம்இஎன்-1 என்ற பரம்பரைக் கோளாறோடு வருகிறது. வீட்டில் வேறு யாருக்காவது பாராதைராய்டு அறுவை, அடிக்கடி சிறுநீரகக் கல், பிட்யூட்டரி கட்டி, ஆறாத இரைப்பைப் புண் இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. நோயாளிக்கு மரபணுச் சோதனையில் உறுதியானால் பிள்ளைகளுக்கும் செய்யலாம். பாராதைராய்டு கோளாறால் கால்சியம் ஏறும் என்பதால், ரத்தத்தில் அதைப் பார்ப்பது முதல் படியாக எந்த ஊர் லேபிலும் முடியும்.