சைலன்சர் வெல்டிங்கா? முதலில் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுங்கள்

சைலன்சர் பைப்பில் ஓட்டை, வெல்டிங் வைக்க வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றச் சொல்லுங்கள். இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வெல்டிங் கரன்ட் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையும் பதம் பார்க்கலாம்.

இன்ஜின் லேசான சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை எளிதில் விடும். முதலில் கனெக்டரைப் பிரித்துவிட்டு, வயர் நுழைய வெட்டுள்ள சென்சார் சாக்கெட்டைப் போடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 22 மி.மீ. சரியாக இருக்கும். கழற்றியதை வயரில் தொங்க விடாதீர்கள், கீழே போடவும் கூடாது. உள்ளே இருப்பது பீங்கான். வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

பலர் கவனிக்காத எதிரி சிலிக்கான் பேஸ்ட். கேஸ்கெட்டுக்குப் பூசும் சாதாரண சிலிக்கானின் ஆவி சென்சார் முனையில் படிந்தால் அது மெல்ல மெல்லச் செத்துவிடும். டியூபில் 'சென்சார் சேஃப்' என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கனெக்டரில் கிரீஸ், கிளீனர் ஸ்பிரே எதுவும் வேண்டாம். பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயர் வழியாகத்தான் இழுக்கின்றன.

திரும்பப் பூட்டும்போது மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்டை மரையில் மட்டும் மெலிதாகத் தடவுங்கள், முனையில் படவே கூடாது. புது சென்சாரில் கம்பெனியே தடவி அனுப்பியிருந்தால் அதுவே போதும். அப்புறம், வயர் சூடான பைப்பில் உரசாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டிவிடுங்கள்.