சின்னக் காரில் பிக்கப் குறைந்தால் எங்கிருந்து தேடுவது

"கார் இழுக்குதில்லை" என்று கராஜில் சொன்னால் முதலில் மாறுவது பெரும்பாலும் பிளக். அதில் சரிவராவிட்டால் எயார் ஃபில்டர், பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், பிறகு பெற்றோல் பம்ப். நான்காவது சாமானில் பழுது தற்செயலாகப் பிடிபடலாம். அதற்குள் கையிலிருந்த காசு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போயிருக்கும். ஆல்ட்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்ஸியா போன்ற 660 முதல் 1000 சிசி வரையான கார்களில் பாதித் தேடலைக் காசில்லாமலே முடிக்கலாம். அதற்கு முதல் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: எஞ்சினில் பலம் இல்லையா, அல்லது இருக்கும் பலம் சில்லுக்குப் போய்ச் சேரவில்லையா?

சில்லுப் பக்கம்

ஞாயிறு விடியலில் வீதி வெறுமையாக இருக்கும்போது, கியர் கார் என்றால் 40 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரில் போட்டு எக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். நல்ல கார் முனகிக்கொண்டு மெல்ல வேகம் எடுக்கும். எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறி, வேகமுள் அப்படியே நின்றால் கிளட்ச் நழுவுகிறது. எஞ்சின் சுற்றுவேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீற்றர் இல்லாத பழைய ஆல்ட்டோவில் காதுதான் மீற்றர். கொழும்பின் காலி வீதி நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்தே பழகிய கார் என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

கியர் படிகள் இல்லாத ஓட்டோ வகையான சிவிடி கியர்பெட்டியில் ஆர்பிஎம் முன்னே போய் வேகம் பின்னே வருவது இயல்பு. அது பழுதல்ல. நகரத் தொடங்கும்போது உதறுவது, சூடேறிய பின் பிக்கப் விழுவது, ஏற்றத்தில் இரைச்சல் எழுவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அப்போது ஒயில் அளவையும், ஊற்றப்பட்டது அந்தக் காருக்குரிய சிவிடி ஒயில்தானா என்பதையும் பாருங்கள். சாதாரண ஓட்டோ கியர் ஒயில் அதற்கு ஆகாது.

பிரேக் பிடித்தபடியே ஓடும் கார்களும் நிறைய உண்டு. ஐந்தாறு கிலோமீற்றர் அதிகம் பிரேக் போடாமல் ஓடி நிறுத்தி, நான்கு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லை ஜக்கில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கடலோரம் நிற்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கார்களில் பிரேக்கை அழுத்தும் கெலிப்பரின் ஊசி உப்புக்காற்றில் இறுகியிருக்கும். இல்லாவிட்டால் ஹேன்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும். ரயர் காற்றையும் அப்போதே பாருங்கள். சரியான அளவு சாரதிக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும்.

ஏசியை அணைத்ததும் கார் நன்றாக இழுத்தால் அவசரப்பட வேண்டாம். 660 சிசி எஞ்சினில் நாலு பேரும் ஏசியுமாகத் தெஹிவளை மேம்பாலம் ஏறும்போது கொஞ்சம் திணறுவது அதன் பிறவிக்குணம். கடுகண்ணாவை ஏற்றத்திலும் அப்படியே. நுவரெலியாவில் காற்றழுத்தமே கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் அங்கே பலம் குறைந்துதான் ஓடும். ஹைபிரிட் வேகன் ஆரில் பற்றரி தளர்ந்தால் மோட்டர் கைகொடுப்பது நின்றுவிடும். அதை எஞ்சின் பழுதென்று எண்ணிப் பிரிக்கக் கூடாது.

போனட்டைத் திறந்ததும்

அதற்கும் முதல், உள்ளே காலடிக் காப்பெற். தடித்த றப்பர் மற் மிதிக்குக் கீழே போய், எக்ஸிலேட்டரை முக்கால்வாசியோடு நிறுத்திவிடும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நடக்கிற விஷயம். கேபிள் வகைக் காரில் ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு மிதியை முழுதாக மிதிக்க, மற்றவர் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ரொட்டில் தட்டு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். பெட்டிக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரில் எலி துணியும் சருகும் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும், பக்கத்தில் வயரையும் கடித்திருக்கும். ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவிலுள்ள றப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும்.

பிறகு டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும் கடைசிப் புகைப் பரிசோதனைத் தாளை எடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுத்ததோடு எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். ஐட்லிங்கிலும் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) 2500 ஆர்பிஎம்மிலும் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஹைட்ரோகார்பன் மட்டும் முந்திய ஆண்டைவிட எகிறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் போகிறது. கார்பன் மொனொக்சைட் கூடியிருந்தால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் குடிக்கிறது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

கார்க் கணினியின் பழுதுச் செய்திகளைப் படித்துப் போனில் காட்டும் சின்ன ஓபிடி கருவி இந்த வேலைக்குப் போதும். அது காட்டும் கோட் என்பது பழுதான பாகத்தின் பெயர் அல்ல, எந்த அளவு எல்லை மீறியது என்ற முறைப்பாடு. பி0171 வந்தால் கலவையில் பெற்றோல் குறைவு என்று மட்டுமே பொருள். எஞ்சின் புகையை அளக்கும் ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்லவில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவந்ததே அந்தச் சென்சர்தான்.

கோட் எண்ணைவிட நேரடி அளவுகள் அதிகம் பேசும். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். கூலன்ற் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக, கொழும்பில் 27, 28 பாகை அளவில் இருக்க வேண்டும். ஒன்று மைனஸ் 40 என்று காட்டினால் அந்தச் சென்சரின் வயர் அறுந்திருக்கிறது அல்லது சொக்கெற் கழன்றிருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் 100 கிலோபாஸ்கல் அளவு காட்ட வேண்டும், கடல்மட்டக் காற்றழுத்தம் அதுதான். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் அது 25 முதல் 40க்குள் இறங்கும். ஓடிய பின் கூலன்ற் 80ஐத் தாண்டாவிட்டால் தேர்மொஸ்டாற் திறந்தபடி நிற்கிறது. எஞ்சின் இன்னும் குளிரென்று நினைத்துக் கணினி பெற்றோலைக் கூட்டும்.

அடுத்தது ஃபுவல் ட்ரிம், இந்த வேலையின் உயிர். கணினி தன் கணக்குக்கு மேலே எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. குறுகிய காலமும் நீண்ட காலமும் கூட்டி 10க்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் +18 ஆக இருந்து 2500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது: சின்ன வெக்கியூம் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய், மனிஃபோல்ட் கஸ்கெற். மேப் சென்சர் மட்டும் உள்ள எஞ்சினில் இந்தக் கசிவு ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாது, ஐட்லிங் ஏறி நிற்பதில் தெரியும். மறுதலையாக, ஐட்லிங்கில் +3, ஏற்றத்தில் நிதானமாக மிதித்து ஏறும்போது +20 என்றால் தேவையான பெற்றோல் வந்து சேரவில்லை.

எக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது ட்ரிம் பேசாது. கணினி அப்போது சென்சரைக் கேட்பதை விட்டுவிடும். அந்த நேரத்தில் ஒட்சிசன் சென்சரின் வோல்ற்றைப் பாருங்கள். 0.8 முதல் 0.9 வரை ஏறி நிற்க வேண்டும். 0.2க்கு விழுந்தால் எஞ்சின் பெற்றோலுக்குத் தவிக்கிறது. எஞ்சினுக்கு அருகிலுள்ள முதல் சென்சர் காற்று-பெற்றோல் விகிதத்தை அளக்கும் ஏ/எஃப் வகை என்றால், அதற்குப் பின்னாலுள்ள சென்சரின் அளவை எடுங்கள்.

பெற்றோல்

ஐட்லிங் அழகு, ஊர் ஓட்டம் பரவாயில்லை, 60ஐத் தாண்டினால் அல்லது மேம்பாலம் ஏறினால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கிறது. இது பம்ப் அல்லது தாங்கிக்குள் இருக்கும் வலை அடைப்பின் அடையாளம். பம்பை மாற்றுவதற்கு முன் கேஜ் போட்டு அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். சரியான எண் கார் கைநூலில். ஐட்லிங்கில் சரியாக இருந்து ஓட்டத்தில் விழுந்தால்தான் பழுது உறுதி. கேஜ் இணைக்க முன் பம்ப் ஃபியூசைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் லைனைத் திறந்ததும் பெற்றோல் சூடான எஞ்சின்மேல் பீறிடும்.

தாங்கியை எப்போதும் ரிசேர்வில் ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போகும். பம்பைக் குளிர வைப்பது அது மூழ்கியிருக்கும் பெற்றோல்தான்.

பிக்கப்புக்காக 95 ஒக்டேன் அடிப்பது வீண்செலவு. ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் 90 அளவுதான். அதற்கென்று செய்த எஞ்சினுக்கு நம் 92 தாராளம். ஏற்றத்தில் கற்சத்தம் போல நொக்கிங் கேட்டால் மட்டும் ஒரு தாங்கி மாற்றிப் பார்க்கலாம்.

தீப்பொறி

மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், ஸ்டியரிங்கே நடுங்கும். செக் எஞ்சின் லைற் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் லைனில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்கில் போய் எரிந்து அதை உருக்கும்.

ஸ்கேனரில் பி0303 என்றால் எரியாமல் விடுவது மூன்றாம் சிலிண்டர். அதன் கொயிலை முதலாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுக் கோட் எண்ணை அழித்து ஓடுங்கள். கோட் பி0301 ஆனால் கொயில் பழுது. மூன்றிலேயே நின்றால் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மிச்சம் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் கொம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்). ஐந்து சதச் செலவில்லாத சோதனை. ஒக்டோபர், நவம்பர் மழையில் மட்டும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) வந்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வயர் வகைப் பழைய எஞ்சினில் இரவில் போனட்டைத் திறந்து வயர்கள்மேல் மெல்லத் தண்ணீர் விசிறினால், பழுதான இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை எட்டவே வைத்திருங்கள்.

கழற்றிய பிளக் இளம் பிஸ்கட் நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. வெளிறிக் கொப்பளித்திருந்தால் எஞ்சின் பெற்றோல் குறைந்து மிகச் சூடாக எரிகிறது. புதிதாக வாங்கும் இரிடியம் பிளக்கின் நடுமுனை 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை ஊசி போல இருக்கும். தடித்துத் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பூட்டும்போது முதல் சுற்றுகள் விரலால். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பிளக்கோடு நிற்காது.

வெளியேறும் வழி

எஞ்சின் வேகமெடுக்க எடுக்க மூச்சுத் திணறினால் கற்றலிற்றிக் அடைத்திருக்கலாம். முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி இணைத்து 2500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு. உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிடுவோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். கார் இழுக்கும், ஆனால் அடுத்த புகைப் பரிசோதனையில் மாட்டும். அதிலுள்ள பிளாட்டினம், பலேடியம் விலைபோகும் பொருள்; எப்படியும் கழற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், உருக்கிய மிஸ்ஸிங்கையோ எண்ணெய்ப் புகையையோ முதலில் நிறுத்துவது. இல்லாவிட்டால் புதியதும் அதே வழி போகும்.

கடைசியாகக் கொம்ப்ரஷன்

எல்லாப் பிளக்கும் வெளியே, பம்ப் ஃபியூசும் கொயில் சொக்கெற்றும் கழற்றி, பிளக் துளையில் கேஜ் பூட்டி, எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினை ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். மிதிக்காமல் எடுத்தால் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினுக்கே அப்படித் தீர்ப்பு எழுதப்படுவதுண்டு. பொதுவாக 150 பிஎஸ்ஐக்கு மேலே, சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கஸ்கெற்.

எல்லாம் சமமாக, ஆனால் எல்லாமே குறைவாக இருந்து, அண்மையில் வால்வுகளை உரிய நேரத்தில் திறக்க வைக்கும் ரைமிங் பெல்ற் மாற்றியிருந்தால், ரீகண்டிஷன் எஞ்சின் விலை விசாரிக்க முன் பெல்ற் மூடியைத் திறந்து அடையாளக் கோடுகளைச் சரிபாருங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தாலும் இதே அளவுகள்தான் வரும்.